மந்திரியை வெட்டு

அஞ்சலட்டையைப் பார்த்ததும் அவனுக்கு இதை வேறு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சதுரங்க ஆட்டம் தொடங்கி நாலாவது நகர்த்தலிலேயே மந்திரியால் என் ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை வெட்டிச் செக் வைத்திருந்தான். ராஜாவே அந்த மந்திரியை வெட்டலாம். அதற்குக் காவலாக ஒரு காயும் இல்லை.

தையல்காரன் அவன். பல வருஷமாகத் தபாலில்தான் ஆடுகிறோம், முகம் பார்த்ததில்லை. ஒரு சிப்பாயைக்கூட விடமாட்டான். ஓர் ஆட்டத்தை ஒன்றரை வருஷம் இழுப்பான். நான் அவனை ஆமை என்பேன். பூட்டு ரிப்பேர் செய்கிறவன் என்பதால் அவன் என்னைப் பூட்டு என்பான். சும்மா கிடைக்கிற எதையும் நான் தொட்டதில்லை. ராஜாவை ஓரமாக ஒதுக்கி, பதில் அட்டை எழுதிவைத்தேன்.

கடையில் சாவி அராவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவன் மனைவி.

"அண்ணே, மந்திரிய வெட்டுனீங்களா இல்லையான்னு கேட்டு உசிர வாங்குறாரு."

"அட்டையில வரும்மா. என்ன அவசரம்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அட்டை வர்ற வரைக்கும் இருப்பாரான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்குறாரு."

நான் நம்பவில்லை. ஜெயிக்க இப்படியும் ஒரு வழியா என்றுகூட நினைத்தேன். பிறகு போனில் அவன் மூச்சு கேட்டது. அந்த மாதிரி மூச்சை யாராலும் நடிக்க முடியாது.

"யோவ் பூட்டு... பயந்துட்டியா?"

"உன் ஓசி மந்திரி யாருக்குய்யா வேணும்?"

"ஒரு தடவ... அடிச்சு ஆடிப் பாத்துடணும்யா. ஒதுங்கிடாத."

ஒதுங்கினால் ஆட்டம் நீளும். நீளுகிறவரை அவனும் இருப்பான் என்று ஒரு கிறுக்குக் கணக்கு மனசில் ஓடியது. பட்டறை மேசையில் பலகை இருந்தது. ஒதுக்கிய ராஜாவைத் திரும்ப எடுத்தேன்.

"வெட்டிட்டேன்" என்றேன்.

உடனே குதிரையாலும் செக் வைத்து, ஓசியில் கொடுத்தான். அதையும் வெட்டினேன். அவன் ராணி பலகையோரம் வந்து செக் வைத்தாள். ராஜா பின்னால் போனால் பிழைத்துக்கொள்வான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"பின்னாலதான போகப்போற?" என்றான்.

"முன்னால வரேன். வா."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலானது. அவள் தண்ணீர் கொடுப்பது கேட்டது. நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தேன். என் ராஜா, சிப்பாய்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு, இரும்புத்தூள் படிந்த பலகையின் நடுவே வந்து நின்றிருந்தான்.