கைக்குள் இருந்த வயர்

வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை மறுபடியும் அப்பாவின் வலது கையில் சுற்றி அழுத்தினாள் மாரிக்கனி. விரல்கள் இளகவில்லை. மூடிய கையின் இரண்டு பக்கமும் கறுப்பு வயர் கொஞ்சம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய முனையில் செம்புக் கம்பி மினுங்கியது. துண்டின் நுனியை இழுத்து அதை மூடினாள்.

"நெரிக்காத தாயி," என்றாள் சித்தி இருளம்மாள். "ஒங்கப்பன் உசுரோட இருக்கையிலயே புடிச்ச புடிய விட்டவரு இல்ல. இப்ப மட்டும் விட்டுருவாராக்கும். குளிப்பாட்டையில தானா எளகும்."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். எளகட்டும், அண்ணன் வருமுன்னே அந்த வயர் வெளியே வந்துவிடட்டும் என்றுதான் மாரிக்கனி துண்டை முக்கி முக்கி எடுத்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டு சுப்புராஜ், துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் தான் பார்த்ததையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மலைச்சாமியை முதலில் பார்த்தது அவர்தான்.

"மத்தியானம் துணி எடுக்க மாடிக்குப் போறேன். இந்தாளு அந்தப் பக்கத்துச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. என்ன மலைச்சாமி, வெயில்ல தவமான்னு கேக்கேன். சத்தமே இல்ல. பாத்தா கையில வயரு. தேவுடா, கரண்டுதான்னு நெனச்சுட்டேன். மெயின ஆஃப் பண்ண வச்சுத்தான் கிட்டயே போனேன். உசுரு எப்பவோ போயிருக்கு, ஒடம்பு வெறச்சுப்போச்சு. கைய விரிக்க முடியல. அருவாளக் கொண்டாந்து வயர வெட்டித்தான் கீழ எறக்குனோம்."

"அது கேமரா வயருல்லா," என்றது ஒரு குரல். "அதுல படம் மட்டுந்தான போவும். கரண்டுக்குத் தனி வயரு இருக்கும்."

"அதான. டாக்டரும் நெஞ்சுவலின்னுதான் சொல்லிட்டுப் போனாரு."

மாரிக்கனி தலையை நிமிர்த்தாமல் கண்ணால் மட்டும் புருசனைத் தேடினாள். பாண்டிதுரை உள்ரூம் வாசலில் நின்றான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கேமரா கடை வைத்திருக்கிறவன். இந்த வீட்டுக் கேமராக்களை மாட்டியதும் அவன்தான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. வா என்று தலையை அசைத்தான்.

உள்ரூமில் பீரோ மேல் கேமரா பதிகிற பெட்டி பச்சை வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. கதவை ஒருக்களித்துச் சாத்தினான்.

"அந்த வயர்ல கரண்டும் போவுதுட்டி."

"என்ன சொல்லுதிய?"

"மொதல்ல போவல. இப்பப் போவுது."

அப்பாவின் வீட்டில் முன்பே கேமரா இருந்தது. படம் சாம்பல் பூத்தமாதிரி தெரியும். அம்மா போனபிறகு அப்பா தனியாகக் கிடக்கிறாரே, போனிலேயே பார்க்கிற மாதிரி புதுசு மாட்டுங்கள் என்று நச்சரித்தது மாரிக்கனிதான். புதுக் கேமராவுக்குப் புது வயர் இழுக்க வேண்டும், சுவரில் துளை போட வேண்டும். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்கு மாப்ள, செவுத்துல ஓட்ட போட்டிய, ஒங்க கடையில வந்து ஓட்ட போட்டுருவேன் என்றார். பழைய வயரை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த முனையில் ஒன்று இந்த முனையில் ஒன்று என்று சின்னப் பெட்டிகளை மாட்டினான் பாண்டிதுரை. அந்த ஒரே வயரில் படம் கீழே வந்தது, கேமராவுக்கு வேண்டிய கரண்ட் மேலே போனது. மாடியில் தனிப் பிளக்கே வேண்டியதில்லை என்று அப்பாவுக்கும் சந்தோசம்.

"கொறஞ்ச கரண்டுதான். ஆள அடிக்காது," என்றான் பாண்டிதுரை. "ஆனா துணிக்கொடிக்குப் பக்கத்துல ஒரு ஜாயிண்டு இருக்குல்ல, பழைய கனெக்டரு துருப்புடிச்சுக் கெடந்துச்சு. அன்னைக்குக் கையில வேற இல்ல. முறுக்கி டேப்பச் சுத்திட்டேன். டெஸ்டர வச்சா லேசா மினுங்குச்சு. புதுப் பெட்டின்னா அப்பிடித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். பெட்டி மோசமா இருந்து, வீட்டு கரண்டே அதுல ஏறியிருந்தா? ஒங்கப்பா கை ஈரமா இருந்திருந்தா? எனக்குத் தெரியல மாரி."

அந்த ஜாயிண்டை மாரிக்கனிக்கு நன்றாகத் தெரியும். மாட்டிய நாளிலிருந்தே தொந்தரவு. அப்பா துணி காயப்போடும்போது கை பட்டால் போதும், கேமரா அணைந்துவிடும். இவள் போனில் மெசேஜ் வரும். கையோடு அப்பாவைக் கூப்பிடுவாள். அவர் போன் கீழே டிவி மேல் கிடக்கும். எடுக்கவில்லை என்றால் சுப்புராஜுக்குப் போடுவாள், மாமா செத்த எட்டிப் பாருங்க என்று. அவர் தன் மாடியில் ஏறி நின்று சத்தம் கொடுப்பார். 'வயரத் தொட்டா மக சத்தம் போடுதா, மகளுக்குப் பின்னால சுப்புராஜு வந்து நிக்காரு. நல்ல ஏற்பாடா இருக்கே' என்று அப்பா போனில் சிரித்தார்.

இன்று காலையிலும் மெசேஜ் வந்தது. கடையில் ஆட்கள் நின்றார்கள். உங்க ஜாயிண்டு திரும்பப் போயிருச்சு என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். சாயங்காலம் போயி ஒழுங்காக் கட்டிருதேன் என்றான் அவன். அவள் அப்பாவைக் கூப்பிடாமல் ரசீது எழுதப் போய்விட்டாள்.

"அப்பந்தான் வயரப் புடிச்சிருக்காரு," என்றான் பாண்டிதுரை. "நீ சொன்னியே, அந்நேரந்தான். மாடிக் கேமரால எல்லாம் பதிஞ்சிருக்கும். ஒங்கண்ணன் வாரதுக்குள்ள அழிச்சிரவா?"

"நீங்க பாத்தியளா?"

"பாக்கப் பயமாருக்கு."

அண்ணன் ஹரிகிருஷ்ணன் விருதுநகரில் போலீஸ். தங்கச்சி புருசனை வயர்மேன் என்பானே தவிர இதுவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. கிளம்பிவிட்டேன் என்று போன் வந்து வெகுநேரமாயிற்று.

மாரிக்கனி அந்தப் பச்சை வெளிச்சத்தையே பார்த்தாள்.

"அழிச்சிட்டா, ஒங்க மூஞ்சியப் பாக்கையிலெல்லாம் எனக்கு இந்த நெனப்புதான் வரும்," என்றாள். "அழிக்காதிய."

வெளியே பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பெண்களின் அழுகை ஒரே மூச்சில் உயர்ந்தது.

ஹரிகிருஷ்ணன் அழவில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவினான். பிறகு கையில் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தான். மெதுவாக விலக்கினான்.

"இது என்னது?"

சுப்புராஜ் ஆரம்பித்தார், முடித்தார். ஹரிகிருஷ்ணன் கடைசிவரை கேட்டான். எழுந்து நேராக உள்ரூமுக்கு வந்தான். மாரிக்கனியும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"கரண்டுல செத்தவன் கையி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்," என்றான் பாண்டிதுரையிடம். குரல் ஏறவில்லை. "அது படம் போற வயருதானா?"

"கரண்டும் போவுது மச்சான். நாந்தான் அப்பிடிப் போட்டேன்."

கொட்டுக்காரர்கள் வெளியே மேளத்தைக் காய்ச்சித் தட்டிப் பார்க்கும் சத்தம் ஒன்றிரண்டாகக் கேட்டது.

"மாடிக் கேமரா இருக்குல்ல. போடு. பாத்துட்டுச் சொல்லுதேன், பொணம் சுடுகாட்டுக்குப் போவுதா, அறுக்கிறதுக்குப் போவுதான்னு. நீ எங்க போறன்னும் அப்பச் சொல்லுதேன்."

"நானும் பாக்கேன்ணே," என்றாள் மாரிக்கனி.

பாண்டிதுரை மவுஸை எடுத்தான். பதிவைக் காலை நேரத்துக்குத் தள்ளினான். பெட்டியோடு இணைத்திருந்த திரையில் மொட்டைமாடி வந்தது. வெயில். கொடியில் ஒரு வேட்டி. அப்பா வாளியோடு படியேறி வந்தார்.

துண்டை உதறிப் போட்டார். அடுத்ததை எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். இடது தோளைத் தேய்த்தார். நெஞ்சை அமுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். வயர் இன்னும் எட்டத்தில் இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"நெஞ்சுவலிதான்," என்றான் ஹரிகிருஷ்ணன் மெதுவாக. "வயரத் தொடவேயில்ல இன்னும்."

அப்பா சுப்புராஜ் வீட்டுப் பக்கம் பார்த்தார். படியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். மாரிக்கனிக்கு அவர் தன்னையே பார்க்கிறமாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து, கொடிக்குப் பக்கத்தில் வந்து, கையை நீட்டி வயரைப் பிடித்தார். இழுத்தார். படம் போய்விட்டது. கரண்டும் படமும் ஒரே வயர்.

கறுப்புத் திரையில் மூன்று பேர் முகமும் தெரிந்தது.

"முடிஞ்சதா?"

"இல்ல மச்சான், ஜாயிண்டு ஒட்டிக்கிட்டா திரும்ப வரும்."

வந்தது. அப்பா இப்போது சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்திருந்தார். வேர்வையில் பனியன் ஒட்டியிருந்தது. வயர் கையிலேயே இருந்தது. கண் கேமராவைவிட்டு நகரவில்லை. காதைத் தீட்டிக் கேட்கிறவர்போல் தலையை ஒருபக்கம் சாய்த்தார். கொஞ்சநேரம் அப்படியே இருந்தார். பிறகு மறுபடியும் வயரைச் சுண்டி இழுத்தார்.

அதற்குப் பிறகு படம் வரவில்லை.

ஹரிகிருஷ்ணன் முகத்தை உள்ளங்கையால் துடைத்தான். "கரண்டு இல்ல. எந்திரிக்கப் பாத்திருக்காரு. புடிமானத்துக்கு அதத்தான் புடிச்சிருக்காரு பாவம்." பாண்டிதுரையின் தோளில் கையை வைத்தான். "வாங்க மாப்ள. பொழுது சாயுமுன்ன எடுத்துரணும். நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கக் கெளம்புவோம்."

பாண்டிதுரை அங்கேயே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ஹரிகிருஷ்ணன் அவனைத் தூக்கி நிறுத்திக் கூட்டிப்போனான். போகும்போது தங்கச்சியைப் பார்த்து, "பயந்துட்டியாட்டி?" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள்.

தனியாக நின்று இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். மாடிக் கேமராவின் மெசேஜ் காலையில் ஒன்றுதான் வந்திருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழேயே இன்னொன்றும் இருந்தது. இரண்டாவதை அவள் பார்க்கவேயில்லை. போனை மறுபடியும் இடுப்பில் செருகினாள். தெருவில் சங்குச் சத்தம் தூரத்துக்குப் போய்த் திரும்பி வரும்வரைக்கும் அந்த ரூமைவிட்டு அவள் வெளியே வரவில்லை.

வெள்ளை வேட்டியை மேலே பிடித்துக்கொண்டு நீர்மாலை வந்தது. ஹரிகிருஷ்ணனும் பாண்டிதுரையும் ஈரத்தோடு குடம் சுமந்து வந்தார்கள். முற்றத்தில் பெஞ்சு போட்டு அப்பாவைக் கிடத்தினார்கள். சித்தி எண்ணெயும் சீயக்காயும் தேய்த்து, அந்தக் கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக நீவினாள்.

"நாஞ் சொன்னேம்லா. எளகிட்டாரு பாரு."

வயர்த்துண்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது. பாண்டிதுரை எடுக்கக் குனிந்தான். அவனுக்கு முன்னால் மாரிக்கனி எடுத்துவிட்டாள்.

"குப்பையில போடு மாரி," என்றான் அவன். இப்போது அவன் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

ஆண்கள் ஊற்றி முடித்ததும் மகளைக் கூப்பிட்டார்கள். சித்தி செம்பை நீட்டினாள். மாரிக்கனி இடது கையால் வாங்கினாள்.

"ஏட்டி, என்ன பழக்கம் இது? சோத்தாங்கையால ஊத்து."

மாரிக்கனி இடது கையாலேயே ஊற்றினாள். வலது கை முந்தானைக்குள் இறுக மூடியிருந்தது.