மார்லிஸின் எஞ்சினுக்குள் டுவைட்டின் தண்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு வெடிச்சத்தமாகக் கிடைத்தது. ஒஹாயோவில் எங்கள் பக்கத்து வீட்டு மார்லிஸின் கராஜில் டமார் என்று கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'இலையுதிர்காலப் பொன்னொளியில், கிரீஸ் படிந்த அவள் விரல்கள்...'

(வேண்டாம். மார்லிஸ் படித்தால் ஸ்பேனரோடு வருவாள்.)

2

நேராகவே சொல்கிறேன். மார்லிஸ் விவாகரத்தானவள். அவளிடம் 68-ஆம் வருட மஸ்டாங் கார் இருக்கிறது. அதில் 302 கன அங்குல எஞ்சின். அவள் நண்பர் டுவைட்டின் மெர்குரி காரோ துருப்பிடித்துவிட்டது. அதன் 351 எஞ்சின் மட்டும் நல்ல ஆரோக்கியம். அவர் மார்லிஸிடம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார்.

"உன் எஞ்சின்ல தேறினதை என்னோடதுல மாட்டு. ஓடினா பதில் சொல்றேன். ஓடலேன்னா கேள்வியை வாபஸ் வாங்கிக்கோ" என்றாள் மார்லிஸ்.

"ரெண்டும் ஒரே குடும்பம் மார்லிஸ். எல்லாம் பொருந்தும்."

"நானும் எங்க அக்காவும்கூட ஒரே குடும்பம்தான். அவ சட்டை எனக்குப் பொருந்துமா?"

[இடைக்குறிப்பு: அக்கா சட்டை விஷயம் உண்மையானது. 351-இன் பிளாக், அதாவது எஞ்சினின் உடல், உயரமானது. காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் அதன் இன்டேக் மேனிஃபோல்டு அகலமாக இருந்ததால் 302-இல் உட்காரவில்லை. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட், அதுதான் தலைப்பிலுள்ள தண்டு, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.]

3

பிறகுதான் அந்த டமார். கார்புரேட்டர் தீ கக்கியதில் டுவைட்டின் புருவம் பாதி போய்விட்டது.

"பிளக் வயரை எந்த வரிசையில மாட்டினே?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"உன் எஞ்சின் வரிசையிலதான். தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். 1-5-4-2-6-3-7-8."

"தண்டு யாரோடது?"

"என்னோ... அடக் கடவுளே!"

எந்த சிலிண்டர் எப்போது வெடிக்க வேண்டும் என்பதைத் தண்டுதான் முடிவு செய்கிறது. 351-இன் வரிசை வேறு.

இந்த இடத்தில் எனக்கு டுவைட் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு தெரிந்தவர் இதை மறப்பாரா? வாசகர் நம்புவாரா? அவரிடமே கேட்டேன்.

"அவ எஞ்சினை மனப்பாடம் பண்ணினதுல என்னோடது மறந்துபோச்சும்மா."

நம்பிவிட்டேன்.

4

மார்லிஸ் சிரித்துக்கொண்டே வயர்களை மாற்றினாள். எஞ்சின் உறுமியது. தண்டின் மேல் உட்கார்ந்து வால்வுகளைத் தள்ளும் லிஃப்டர்களைப் புதிதாகப் போட்டிருப்பதால் முதல் இருபது நிமிடம் வேகத்தைக் குறைக்கக்கூடாது, நிறுத்தவும் கூடாது; தண்டு தேய்ந்து வீணாகிவிடும். டுவைட் வேகம் குறையாதபடி கார்புரேட்டரின் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சத்தத்தில்தான் அவள் வேண்டுமென்றே பதில் சொன்னாள்.

"என்ன?" என்று கத்தினார் டுவைட். கையை எடுக்கவில்லை.

அவள் மறுபடி சொன்னாள்.

'சரி' என்று சொன்னதாக ஒரு முடிவு எழுதினேன். 'ஆயில் ஒழுகுது' என்று இன்னொன்று. இரண்டையும் மார்லிஸிடம் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாவதாக...

இல்லை, அவள் சொன்னது எனக்கும் கேட்கவில்லை. கதையை அந்த இருபது நிமிடத்துக்கே திருப்பிவிடுகிறேன். வேலியோரம் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன், வாருங்கள். இருபது நிமிடம் முடிய இன்னும் நேரமிருக்கிறது. அவள் மறுபடி சொல்லப்போகிறாள். உதட்டைப் பாருங்கள்.