செல்வாம்பாள் எழுதிய ஐந்து கட்டுரைகள்

"செல்வாம்பாள், கொஞ்சம் ரசம் ஊத்து."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது செல்வகுமாருக்கு உறைத்தது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா, வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

"என்னாடா சொன்ன? பெத்தவளைப் பேர் சொல்லிக் கூப்புடற அளவுக்கு வந்துட்டியா?"

"உன்னைக் கூப்புடலம்மா."

"பின்ன யாரைக் கூப்புட்ட? இந்த வூட்டுல அந்தப் பேருல வேற யாருடா இருக்கா?"

வேறு ஒருத்தி ரசச் சட்டியோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வந்து குனிந்து ரசம் ஊற்றினாள். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. செல்வகுமார் போதும் என்று கை காட்டிய பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சோறு மிதந்தது.

அவள் பிறந்தபோது அப்பத்தாவின் பெயரை வைத்தார்கள். தவளக்குப்பத்துக் காசிலிங்கத்தின் மகள் செல்வாம்பாள். இருபத்து மூன்று வயது வரை அவளுக்கு வேறு பெயர் இல்லை. பெண் பார்த்து எல்லாம் பேசி முடித்துத் தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளையைப் பெற்றவளுக்கும் அதே பெயர். "மாமியாளும் மருமவளும் ஒரே பேருல இருந்தா குடும்பம் வெளங்காது. அதுவுமில்லாம, எம் புள்ளை பொண்டாட்டியை வைய நெனச்சா என்னையில்ல வையணும்!" என்று அம்மா சொன்னபோது இரண்டு வீட்டாரும் சிரித்தார்கள். யாரோ ஒரு சித்தி, நிர்மலா நல்லாயிருக்கும் என்றாள். பத்திரிகை நிர்மலா என்றே அச்சானது. ரேஷன் கார்டும் ஓட்டு அட்டையும் அப்படியே வந்தன. செல்வகுமார் அன்று சிரித்தவர்களில் ஒருவன். ஏழு வருடத்தில் அந்தப் பழைய பெயரை மறந்தும்போனான்.

அதை அவனுக்கு மறுபடி கொண்டுவந்து கொடுத்தது அவன் வேலைதான்.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், இரும்புக் கடை மாடியில் இரண்டு அறைகளில் நடந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அது. முதலாளி முத்துவேல். அந்த 2006-ஆம் வருடம் ஓர் ஆய்வு நிலையத்தின் நூலகத்துக்கு வேலை பிடித்திருந்தார். இருபத்தைந்து வருடத்து ஆய்விதழ்களில் வந்த நாலாயிரம் கட்டுரைகளையும், எழுதியவர் பெயரைத் தட்டினால் தேடி எடுத்துத் தரும் ஒரு கருவி வேண்டும். கேட்க எளிது. ஆனால் நம் ஊர்ப் பெயர்கள் ஒரு மாதிரியாகவா இருக்கின்றன? ஒரே ஆள் இனிஷியலை ஓர் இடத்தில் முன்னால் போட்டிருப்பார், ஓர் இடத்தில் பின்னால். வேறோர் இடத்தில் அப்பா பெயரை முழுசாக எழுதியிருப்பார். மூன்றும் ஒருவரா, மூன்று பேரா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

செல்வகுமார் யோசித்து ஓர் ஏற்பாடு செய்தான். சந்தேகத்துக்கு இடமான பெயர்களைக் கருவி தனியே பொறுக்கிக் கொடுக்கும். அந்த ஆசிரியர்கள் நேரில் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அட்டையும் கையெழுத்தும் ஒத்துப்போனால்தான் பெயர் உறுதியாகும். நூலகர் நாராயணசாமிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "கறாரா இருக்கணும் சார். நாளைக்கு ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் எடுத்துக்கக் கூடாது பாருங்க," என்றார்.

கருவி பொறுக்கிக் கொடுத்த பட்டியலில் நிறையப் பெண் பெயர்கள் இருந்தன. இரண்டு கட்டுரை, மூன்று கட்டுரை. அப்புறம் அந்தப் பெயரே இருக்காது.

"இந்தம்மாக்களெல்லாம் எங்க சார் போனாங்க? என் புரோகிராம்லதான் கோளாறோன்னு பாத்தேன்," என்றான் செல்வகுமார்.

நாராயணசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்யாணம் ஆகியிருக்கும். அதைப் போய்க் கம்ப்யூட்டர்ல தேடறீங்களே!"

ரசம் கேட்ட அந்தச் சனிக்கிழமை காலையில்தான் கா. செல்வாம்பாள் என்ற பெயர் வந்தது. ஐந்து கட்டுரைகள். எல்லாம் தேங்காய்த்திட்டுக் கழிமுகத்துச் சேற்று நண்டுகளைப் பற்றியவை. பெண் பார்க்கப் போனபோது, 'பொண்ணு எம்.எஸ்சி முடிச்சுட்டு நண்டு ஆராய்ச்சி பண்ணுது' என்று மாமனார் சொன்னதும், 'கொழம்பு வப்பாளா?' என்று அம்மா கேட்டதும் நினைவுக்கு வந்தன. அந்த ஆராய்ச்சி என்னவென்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

ஐந்தாவது கட்டுரை 2001-இல் வந்திருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து. அதன் கடைசியில், அவளுடைய பேராசிரியர் இராமதாஸ் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். முதல் ஆசிரியருடைய முத்தியால்பேட்டை விலாசத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதியும் பதில் இல்லை, அவர் பார்வையிடாமலே இது அச்சாகிறது, இதிலுள்ள உழைப்பு முழுவதும் அவருடையது.

செல்வகுமார் அந்த நாலு வரியையே படித்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தான். அந்தப் பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் அவள் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது செல்வகுமார் காகிதங்களை நீட்டினான்.

"நீ எழுதினது அஞ்சு கட்டுரை எங்க லிஸ்ட்ல வந்திருக்கு."

"நாலுங்க," என்றாள் உடனே. ஏழு வருடமாக எண்ணிக்கொண்டே இருந்தவள் போலச் சொன்னாள்.

"அஞ்சு. பாரு."

துணிகளைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு வாங்கிப் படித்தாள். ஒரு படத்தை விரலால் தடவினாள். "இது நான் வரைஞ்சது. இந்த நண்டுக்கு ஒரு கொடுக்குதான் பெருசு. இடுப்பளவு சேத்துல நின்னு புடிச்சோம்." அப்புறம் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

"சார் எனக்கு லெட்டர் போட்டாரா?"

"மூணு."

"ஸ்காலர்ஷிப் வந்தா எழுதறேன், கல்யாணம் ஆனா என்ன, வந்து சேந்துக்கம்மான்னு சொன்னாருங்க. ஒன்றரை வருஷம் போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேக்கற நேரமெல்லாம் வாசலைப் பாத்திருக்கேன். மறந்துட்டாருன்னு நெனச்சேன். மனசுக்குள்ள அவரைத் திட்டியிருக்கேன்." அவள் காகிதங்களை மடித்தாள். "இப்ப எங்க இருக்காரு?"

இராமதாஸ் இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்று நாராயணசாமி சொல்லியிருந்தார். அதைச் சொல்லவேண்டிய வாய் செல்வகுமாருடையதாயிற்று.

கீழே வந்து அம்மாவிடம் கேட்டான். அவளும் துணிகளோடு பின்னாலேயே இறங்கி வந்தாள். அம்மா எதையும் மறைக்கவில்லை.

"ஆமாம், வந்துச்சு. போஸ்ட்மேன் செல்வாம்பாளம்மான்னு கூப்ட்டான், வாங்கினேன். எம்பேரு போட்டு வந்ததை நான் வாங்காம யாரு வாங்குவா? எல்லாம் இங்கிலீஷு."

"வந்ததுன்னு இவகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"எம்பேருக்கு வந்ததை அவகிட்ட ஏன்டா சொல்லணும்? உங்கிட்டதான் காட்டினேன். ஞாபகம் இல்லியா? ஷூ போட்டுகினு இருந்த. 'உனக்கு யாரும்மா இங்கிலீஷுல எழுதறான், எதுனா விளம்பரமா இருக்கும், போடு அப்பிடி'ன்னு சொல்லிட்டுப் போயிட்ட. ஒண்ணு இல்ல, ரெண்டு தபா காட்டினேன். பொறவு உம் புள்ளை அபி பொறந்தப்ப வூட்டைக் கழுவினோமே, அதுல பழைய பேப்பரோட போயிடுச்சு."

அவனுக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் அம்மா சொன்ன அந்த வாக்கியம் அவன் பேச்சுத்தான். ஷூ கயிற்றை இழுத்துக்கொண்டே சொல்லக்கூடியவன்தான் அவன். மனைவியின் பக்கம் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவள் மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவளை நூலகத்துக்கு அழைத்துப் போனான். வேறொன்றும் செய்ய அவனுக்குத் தெரியவில்லை. செய்த தவறுக்கு ஈடாக, அவள் பெயரையாவது கருவியில் சரியாக ஏற்றிவிடலாம் என்று நினைத்தான்.

நாராயணசாமி நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "அஞ்சும் நல்ல கட்டுரைம்மா. இப்பவும் பசங்க வந்து கேக்கறாங்க," என்றபடி படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பிறகு ஓட்டு அட்டையை வாங்கிப் பார்த்தார். அட்டையில் செ. நிர்மலா. கட்டுரையில் கா. செல்வாம்பாள்.

"பேரே வேறயா இருக்கே! கெஜட்டுல போட்டு மாத்தினீங்களா?"

"இல்ல சார். மாத்தினப்ப எந்தக் கெஜட்டையும் யாரும் கேக்கல."

நாராயணசாமி பெயர் சரிபார்க்க வாங்கி வைத்திருந்த முத்தியால்பேட்டை வாக்காளர் பட்டியலைப் புரட்டினார். அந்த விலாசத்தில் செல்வாம்பாள் என்று ஒருத்தர் இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. சட்டப்படி பார்த்தால் நண்டுகளை ஆராய்ந்தவர் அவராகத்தான் இருக்க முடியும். நாராயணசாமி சிரிக்கப் பார்த்து, எதிரில் இருந்தவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"பரவால்லம்மா, ஒரு வழி இருக்கு. இப்போதைய பேருன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல நிர்மலான்னு எழுதி, அட்டையில இருக்கறாப்பல கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. அஞ்சு கட்டுரையும் நிர்மலா பேருல ஏறிடும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"போடு," என்றான் செல்வகுமார் மெதுவாக.

அவள் பேனாவை எடுத்தாள். பெயர் மாற்றத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. செல்வகுமார் சும்மா போட்டுவைத்த கட்டம். அதில் நிதானமாக, 'மாமியாருக்கும் இதே பெயர்' என்று எழுதினாள். இப்போதைய பெயர் என்ற கட்டத்தை அப்படியே விட்டாள். அடியில், ஏழு வருடமாக எழுதாத கையெழுத்தை ஒரே இழுப்பில் போட்டாள். கா. செல்வாம்பாள்.

"அம்மா, கையெழுத்து அட்டையோட ஒத்துப்போவலியே. இப்படி இருந்தா நான் ஏத்த முடியாதும்மா."

"அட்டையில இருக்கறவ ஒரு வரி கூட எழுதல சார். சேத்துல எறங்கினதும் அவ இல்ல. அவ பேருல ஏத்தாதீங்க," என்று சொல்லி எழுந்தாள். "கட்டுரை இருக்கட்டும். அது போதும்."

வெளியே வந்ததும் செல்வகுமார் ஸ்கூட்டரைக் கிளப்பினான். "நான் பஸ்ஸுல வரேன்," என்று சொல்லிவிட்டு அவள் கடற்கரைப் பக்கமாக நடந்து போனாள். அவன் கூப்பிட வாயைத் திறந்தான். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டான்.

ஆனி மாதத்தில் கருவி நூலகத்தில் நடைமுறைக்கு வந்தது. நன்றாகவே வேலை செய்தது. செல்வாம்பாள் என்று தட்டினால் ஐந்து கட்டுரைகளும் கண் இமைக்கும் நேரத்தில் வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரியும் வந்தது: 'இப்படி ஓர் ஆசிரியர் இருப்பது உறுதி செய்யப்படவில்லை.'

அந்த வரியை எழுதியவன் செல்வகுமார்தான்.