சொன்ன வார்த்தை அப்படியே

போலீஸ் ஸ்டேஷன் கூடத்தில் போட்டிருந்த இரும்பு பெஞ்சின் ஓரத்தில் ஜெயமணி உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக் கோட்டைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் திணித்திருந்தாள். அதன் முதுகில் கம்பெனிப் பெயர் இருந்தது. வயர் முனைகளை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன கட்டைவிரலை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் சுஜாதா. ஒரே லைனில் வேலை செய்கிற இருவரும் ஷிப்ட் முடிந்ததும் நேராக இங்கே வந்திருந்தார்கள். அதே பெஞ்சில் செல்போனின் காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள். அவளுக்கு அப்பால், பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த வெள்ளைச் சட்டைக்காரன்.

"உங்களுக்கு என்ன தொலஞ்சுபோச்சு?" என்று அந்த அம்மாள் ஜெயமணியைக் கேட்டாள்.

"ஒண்ணும் தொலையலம்மா. ஒரு சின்ன தகராறு."

போன வாரம் ஒரு பெட்டி வயர் சோதனையில் தேறாமல் திரும்பி வந்தது. லைன் லீடர் ஹரீஷ்குமார் அதைத் தூக்கி வந்து ஜெயமணியின் மேசையில் கொட்டினான். மிஷின் சரியாக அழுத்துவதில்லை என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அதையே மறுபடி சொன்னாள். அப்போதுதான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். சொல்லிவிட்டு, "இதுங்க கை பட்டா வேற எப்படி வரும்?" என்றான். அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒருவனிடம், அவள் எந்தத் தெரு என்று ஹரீஷ்குமார் விசாரித்து வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

லைனில் எல்லோருக்கும் கேட்டது. யாரும் தலை நிமிரவில்லை. ஒரு மிஷினும் நிற்கவில்லை, சுஜாதாவின் மிஷினும்.

ஜெயமணிக்கு முதலில் கோபம் வரவில்லை. இத்தனை வருடமாக அவளுடைய டப்பாவிலிருந்து மீன்குழம்பை ஊற்றிக்கொண்டவர்கள், சாதியைச் சொல்லாமல் ஏமாற்றிவிட்டாள் என்று நினைப்பார்களோ என்றுதான் தோன்றியது. அன்று சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டு போனாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மேல் சுஜாதாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கை கழுவும் இடத்தில் வந்து நின்றாள்.

"நா அன்னிக்குக் குனிஞ்சுட்டேன்க்கா. எனக்கும் சோறு எறங்கல. ஸ்டேஷனுக்குப் போலாம் வாங்க. நா சாட்சி சொல்றேன்."

"உங்க வீட்ல?"

"எங்கப்பா சத்தம் போடுவாரு. எங்க ஊரு உத்தனப்பள்ளில இருந்து கெளம்பி வந்து நாலு பேரு பேசுவாங்க. பேசட்டும்."

ஜெயமணியின் கணவன் ரத்தினவேல் இன்று காலை வரைக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னான். வீடு பார்க்க வந்தபோது, "நீங்க என்ன ஆளுங்க?" என்று வீட்டுக்கார அம்மா சென்னம்மாள் கேட்டதற்கு, "தெக்கத்திக்காரங்கம்மா" என்று சொல்லிச் சிரித்தவன் அவன். அந்தச் சிரிப்பிலேயே இத்தனை நாள் ஓட்டியாகிவிட்டது.

"கேஸ் குடுத்தா வீட்டுக்கு விசாரிக்க வருவாவ. தெருவுல நின்னு பேரு கேப்பாவ. புள்ள பெறவு எப்படி வெளாடப் போவா?" என்றான்.

"அவன் இன்னொருக்க சொல்லுவான். அதுக்கு என்ன செய்யச் சொல்லுதிய?"

ரத்தினவேல் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

"ஜெயமணி யாரும்மா?"

ரைட்டர் மோகன்குமார் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். முறைப்பில்லாத முகம். அவர் மேசை கூடத்திலேயே, பெஞ்சுக்கு எதிரில் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பெயர், வயது, கணவர் பெயர், வீடு யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடித்தார். சாதி என்றபோது ஜெயமணி முன்னால் சாய்ந்து சொன்னாள்.

"நீ யாரும்மா? எந்த ஊரு, என்ன ஆளுங்க?" என்று கூட வந்து நின்ற சுஜாதாவைக் கேட்டார்.

சுஜாதா சொன்னாள். ஊரைச் சொன்ன அதே குரலிலேயே அதையும் சொன்னாள்.

"சரி, என்ன நடந்துச்சு?"

"லைன் லீடரு சாதியச் சொல்லி வஞ்சாருய்யா."

"என்னன்னு திட்டுனாரு?"

"சாதிப் பேரச் சொல்லித்தான்யா."

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தாம்மா, இது சும்மா அடிதடி கேஸ் இல்ல. தனிச் சட்டம். டி.எஸ்.பி. விசாரிக்கணும். முன்ஜாமீன் கெடைக்காது. ருசுவாச்சுன்னா ஆறு மாசத்துக்குக் கொறையாது, அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள போவான். அப்ப அவன் வக்கீல் சும்மா இருப்பானா? 'சாதியச் சொன்னான்'னு மொட்டையா எழுதுனா கேஸ் நிக்காது. சொன்ன வார்த்த அப்படியே வேணும்."

"எழுதித் தரட்டுமாய்யா?"

"வாயால சொல்லு, அடிச்சுக்கறேன்."

"சார், நா சொல்றேன். நானுந்தான் கேட்டேன்" என்றாள் சுஜாதா.

"உன் வாக்குமூலத்துல நீ சொல்லு. இது அவங்க புகாரு."

ஜெயமணி மேசையின் விளிம்பைப் பார்த்தாள். அந்த வார்த்தையை அவள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. மகள் ஸ்வாதிக்கு அப்படி ஒரு வார்த்தை இருப்பதே இன்னும் தெரியாது. உதடு அசைந்ததே தவிரக் குரல் வரவில்லை. இன்னொரு முறை சொன்னாள். ரைட்டர் தலையாட்டிவிட்டு அடித்தார். மீதியைக் கோர்வையாகச் சொல்லிவிட்டாள். பெட்டி, மிஷின், யார் யார் அங்கே இருந்தார்கள் என்பதெல்லாம் தடங்கலில்லாமல் வந்தன.

"அடிச்சத வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும்" என்றார் ரைட்டர். "சட்டத்துலயே இருக்கு. உங்க நல்லதுக்குத்தான்."

மேலே ஓடிய ஃபேன் கடகடத்தது. அந்தச் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று அவர் குரலை உயர்த்தி, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அவள் பெயர், அவள் தெரு, சென்னம்மாளின் பெயர், அவள் சாதி. பிறகு அந்த வார்த்தை. டப்பா வைத்திருந்த அம்மாள் திரும்பி ஜெயமணியைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைக்காரன் போனிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். சுஜாதா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரைட்டர் நிறுத்தினார். "இதுல ஒரு எழுத்து உட்டுப்போச்சோ? நீ மெதுவாச் சொன்னியா, எனக்குச் சரியாக் காதுல உழல. நாளைக்கு கோர்ட்டுல இதத்தான் புடிச்சுக்குவாங்க. இப்படி வந்து பாரு."

மானிட்டரை அவள் பக்கம் திருப்பினார். ஜெயமணி எழுந்து போய்க் குனிந்தாள். வெள்ளைத் திரையின் நடுவில் அந்த வார்த்தை இருந்தது. அச்செழுத்தில் அவள் அதை அதற்கு முன் பார்த்ததில்லை.

"இந்த எடத்துலய்யா" என்று விரலை வைத்துக் காட்டினாள். எந்த எழுத்து என்றும் சொன்னாள்.

அவர் திருத்தினார். திருத்தியதை இன்னொரு முறை உரக்க வாசித்தார்.

"இப்ப சரியா? நல்லாப் பாத்துச் சொல்லு."

அவள் எழுத்து எழுத்தாகப் பார்த்தாள்.

"சரியா இருக்குய்யா" என்றாள்.