ரத்தத்தில் வந்தது

டாக்டரம்மா பேசி முடிக்கும்வரை தையல்காரம்மா மகளின் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு ஏற்கெனவே இரண்டு கருக்கள் ஐந்தாம் மாதத்தில் கைநழுவிப் போயின. இது மூன்றாவது.

"சில பேருக்கு ரத்தம் சீக்கிரம் உறையும். மரபணுல ஒரு சின்ன மாற்றம், அவ்வளவுதான். அதனால நஞ்சுக்கொடிக்குப் போற ரத்தம் அடைபட்டிருக்கலாம். அடிச்சுச் சொல்ல மாட்டேன். தினம் ஒரு ஊசி போட்டுப் பாப்போம்." பிறகு தாயின் பக்கம் திரும்பினார். "உங்க ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணினோமே, அதுலயும் இருக்கும்மா. உங்ககிட்டேருந்துதான் வந்திருக்கு. உங்களுக்கும் ஏதாவது தங்காமப் போச்சா?"

"ஒண்ணு. இவளுக்கு முன்னாடி. தையல் மெஷின் மிதிச்சதாலதான் போச்சுன்னு வீட்டுல எல்லாரும்..."

"மெஷின் என்ன பண்ணும், பாவம்! சரி, இவ நல்லா நடக்குறாளா?"

"நடக்கவா? கட்டிலை விட்டு எறங்கவே விடல டாக்டரம்மா. தண்ணிகூட நான்தான் கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

"அடக் கடவுளே! அசையாமப் படுத்திருந்தா ரத்தம் இன்னும் உறையுமே. நடக்க விடுங்கம்மா."

அந்த நாற்காலியிலேயே ஒரு பெரிய பாரம் இறங்கி, அதைவிடப் பெரியது ஒன்று அவள்மேல் ஏறி உட்கார்ந்தது. தன் கால்கள் அந்தப் பிள்ளையைக் கொல்லவில்லை. ஆனால் தன் ரத்தம்? போதாக்குறைக்கு, பாசம் என்று நினைத்து மகளைக் கட்டிலோடு கட்டிப்போட்டதும் தானேதான். ஆண்டவனே, நான் தொட்டதெல்லாம் ஏன் இப்படி ஆகிறது?

மகள் வீட்டுக்கு வந்ததும், ஊருக்குத் திரும்பிவிட நினைத்துத் தன் புடவைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, ஊசி போட வா."

"மாப்பிள்ளை போடட்டும்டி."

"அவரா? பத்துச் சக்கர லாரி ஓட்டுற மனுஷன், ஊசியைப் பாத்ததும் கண்ணை மூடிக்கிட்டாரு. கண்ணை மூடிக்கிட்டா குத்துறது?"

கூடத்திலிருந்து மருமகன் குரல் கொடுத்தான். "அத்தை, லாரிய வேணா வீட்டுக்குள்ளயே ஓட்டிக் காட்டுறேன். இது மட்டும் என்னால ஆகாது."

தையல்காரம்மா மகளின் அறை வாசற்படியிலேயே நின்றாள். "என் கை வேண்டாம்டி. எல்லாம் என்கிட்டேருந்து வந்ததுதானே."

மகள் ஊசியை அவள் பக்கம் நீட்டினாள். "இந்தச் சப்பை மூக்கும் உன்கிட்டேருந்துதான் வந்துச்சு. அதுக்கு நான் சண்டைக்கு வந்தேனா? உனக்கு மட்டும் இதெல்லாம் தெரிஞ்சா இருந்துச்சு? வாம்மா. பயமா இருக்கு."

கடைசி வார்த்தை அவளை உள்ளே இழுத்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்தாள். நர்ஸ் காட்டியபடி வயிற்றின் ஓரத்தில் சதையை இரு விரலால் எடுத்துப் பிடித்தாள். சட்டையைப் பிடித்துத் தைப்பதற்கு முன் துணியைக் கிள்ளிப் பிடிக்கும் அதே பிடி.

"குத்திட்டியா?"

"எடுத்தாச்சு."

"ஐய, இவ்வளவுதானா!"

வெயில் தாழ்ந்ததும் இருவரும் நடக்கக் கிளம்பினார்கள். தாயின் கை மகளின் முழங்கையைத் தாங்கியிருந்தது.

"இறுக்காதம்மா, கை வலிக்குது."

பிடி தளர்ந்தது. தெருமுனை வரை போய்த் திரும்புவதாகத்தான் பேச்சு. முனை வந்தபோது மகள் திரும்பவில்லை. பக்கத்துத் தெருவில், மர நிழல் விழுந்த பாதையில் காலை எடுத்து வைத்தாள். தையல்காரம்மா வாய் திறந்தாள், மூடிக்கொண்டாள், ஒரு கை தூரத்தில் பின்னாலேயே நடந்தாள்.