ஒழுகுகிற குழாயின் மெட்டு

…இன்னும் கொஞ்சம் ஏறட்டும், அவசரமில்லை, உச்சிக்குப் போன பிறகுதான் ஏணியை உருவ வேண்டும், பாதியில் உருவினால் குதித்துத் தப்பித்துவிடுவான், என் மச்சினனைப் பற்றி எனக்குத் தெரியாதா, என் மனைவிக்கு உடன்பிறந்த ஒரே தம்பி, இந்த ஜாஸ் விழாவே அவனுக்காகத்தான் என்பதுபோல மேடையின் நட்டநடுவில் நின்று சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருக்கிறான், கண்ணை மூடிக்கொண்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு… நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பாஸ் வாசிக்கிறேன், ஆளுயரத் தந்தி வாத்தியம், கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வாசிக்க முடியும், ஒருமுறை பேருந்தில் ஏற்றியபோது நடத்துநர் அதற்கு உட்கார இடம் கொடுத்துவிட்டு என்னை நிற்க வைத்தார், இறங்கும்போது பார்த்து இறங்கச் சொன்னதும் அதனிடம்தான். பாஸின் விதி அப்படி. ஒலிக்கும்வரை யார் காதிலும் விழாது, நின்றால்தான் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். அதனால்தான் இன்றைக்கு நிறுத்தப் போகிறேன். பின்மதியம், அரங்கு நிறைய கூட்டம், ஒலிப்பதிவு வேறு நடக்கிறது, இதைவிட நல்ல நாள் இனிமேல் எனக்கு வாய்க்குமா, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு?

அலையாம்! சற்று முன்னால் தொகுப்பாளர் பெண் மைக்கை நீட்டி, உங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இந்த மெட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டாள், இவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒருநாள் கடற்கரையில சும்மா நடந்துக்கிட்டிருந்தேன், அலை வந்து சொல்லிட்டுப் போச்சு" என்கிறான், கூட்டம் உருகுகிறது… அடப் பாவி, அது என் வீட்டுக் குளியலறைக் குழாயடா. அப்போது இவன் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போக வந்து, வாரம் என்றால் என்ன என்பதையே மறந்துபோய்த் தங்கியிருந்தான். குளியலறைக் குழாய் ஒழுகும், சொட்டு, சொட்டு, பிறகு கொஞ்சம் யோசிக்கும், அப்புறம் சொட்டு. நான் உள்ளே வாளிமேல் உட்கார்ந்து அதற்கு ஒரு மெட்டு முனகினேன், யோசிக்கிற இடத்தில் நானும் யோசித்தேன், கதவோ மெல்லிய பலகை, வெளியே துண்டும் தோளுமாக இவன் முறைக்கு நின்றுகொண்டிருந்தான். அடுத்த வருடம் இசைத்தட்டு வந்தது. அட்டையில் இவன் பெயர் மட்டும். போதாதென்று, நான் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து அந்தக் குழாயைக் கழற்றிப் புதுக் குழாய் மாட்டிவிட்டான், "அக்கா தூக்கம் கெடுது" என்று காரணம் வேறு. சாட்சியைத் தீர்த்துக்கட்டிவிட்டு நல்ல பெயரும் வாங்கினவன் உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான். என் மனைவியிடம் முறையிட்டால், "தம்பிதானே, விடுங்களேன், நீங்க பாத்ரூம்ல முனகினதுக்கெல்லாம் நான் பஞ்சாயத்து வைக்கணுமா" என்றாள். அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் கைப்பை, தம்பியைப் பார்க்கிறாளா என்னையா என்று இங்கிருந்து தெரியவில்லை. முனகினதைக் கேட்ட இன்னொரு ஆள் அவள்தான்.

ஏறிவிட்டான். அந்த நீண்ட சுரம். வந்துவிட்டது. இதை அவன் மூச்சை மூக்கால் இழுத்து வாயால் விட்டு நிறுத்தாமல் ஊதுவான், ஒரு ஊரில் இதைப் பிடித்தபோது முன்வரிசை ஆசாமி ஒருவர் எழுந்து போய்க் கல்யாணம் செய்துகொண்டு கைக்குழந்தையோடு திரும்பி வந்தார், நான் பார்த்தேன், குழந்தைக்கு இரண்டு பல் இருந்தது. சரி, முதலில் ஒரு சின்னக் கடி கடிப்போம்… விரலை அரை இடம் கீழே நழுவவிட்டு, அவன் சுரத்துக்கு அடியில் சேரவே சேராத ஒன்றைத் தட்டினேன், அழுத்தி, பச்சைத் தப்பாக. செத்தான். டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்க்கிறார், அம்மிக்கல் என்று கூப்பிடுவோம், எதற்கும் முகம் அசையாத மனிதர், அவர் முகமே அசைந்துவிட்டது. மச்சினன் என்ன செய்தான்? பதறினானா? சுரத்தை மெல்ல வளைத்து, என் தப்பின் தோளில் கையைப் போட்டு, அதற்காகவே பிறந்ததுபோல் அங்கே உட்கார வைத்தான். அரங்கம் ஆஹா என்றது. அம்மிக்கல் வேறு என்னைப் பார்த்து, "பெரியவரே, பின்னிட்டீங்க" என்கிறார். நான் கல்லை விட்டெறிந்தால் அவன் அதை வைத்து வீடு கட்டுகிறான். எத்தனை தடவை இப்படி நடந்திருக்கிறது… எனக்குத் தோன்றுகிறது, அவன் புகழில் பாதி என் வன்மம் போட்ட சாப்பாடு.

போகட்டும். பெரிய கத்தியை எடுப்போம். நிறுத்தினேன். இரண்டு கையையும் தந்தியிலிருந்து எடுத்துத் தொங்கப் போட்டேன், பிள்ளை பெற்றவள்போல் நிம்மதியாக. அம்மிக்கல்லும் ஏதோ ஏற்பாடு என்று நினைத்து நிறுத்திவிட்டார். அடிவாரம் போய்விட்டது, அவன் சுரம் மட்டும் அந்தரத்தில், கொடியில் மறந்துபோன ஒற்றைச் சட்டைபோல… விழு. விழடா. அலை வந்து தாங்கட்டும். அவன் கண்ணைத் திறந்தான். வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தான். என் பக்கம் திரும்பி, சிரித்தானா, உதட்டைத் துடைத்தானா, மைக்கில் சொன்னான்: "இப்ப… எங்க அத்தான்." சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டான். ஒரே கைதட்டல்.

சண்டாளன். பாஸ் தனியாக வாசிக்கும்போதுதான் கூட்டம் இருமும், கைப்பைக்குள் சாவி தேடும், பக்கத்து இருக்கைக்காரரின் உறவு முறையை விசாரிக்கும், அது காலம்காலமாக உள்ள வழக்கம். இன்றைக்கு என்று ஒருவரும் இருமவில்லை. ஓடுகிறது ஒலிப்பதிவு. சரி, நல்லதாயிற்று, வந்து மாட்டிக்கொண்டாய், இதோ எல்லோரும் கேட்கட்டும், அலையா குழாயா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும், நான் வாளிமேல் உட்கார்ந்து முனகியதை முனகியபடியே… ஆரம்பித்தேன். சொட்டு, சொட்டு… விரல் தானாகப் போகிறது, நன்றாகவும் போகிறது, ஆனால் இங்கே ஏன் கை தூக்கிக்கொள்கிறது? இந்த இடத்தில் எனக்கு எதற்கு நிறுத்தம்? தந்திக்கு மூச்சு வாங்குமா? இது அவன் மூச்சிழுக்கிற இடமல்லவா? திரும்ப வாசித்தேன். திரும்பவும் அவன் மூச்சு. அந்த வளைவு அவனுடையது, இந்த இழுப்பு அவனுடையது, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று நின்று அவன் ஊதிய விதம் என் விரலில் ஊறிப்போயிருக்கிறது, இதற்கு அடியில் எங்கோ என் மெட்டு இருக்கிறது, தோண்டத் தோண்ட அவனே வருகிறான்… குழாய் எந்த இடத்தில் யோசித்தது? இரண்டு சொட்டுக்குப் பிறகா? மூன்றா? மனைவியைப் பார்த்தேன், சொல்லேன், நீ கேட்டாயே… அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான் தெரிகிறது.

நின்றுவிட்டேன். இந்தத் தடவை நானாக நிறுத்தவில்லை.

அப்போது ஓரத்திலிருந்து டொக் என்று ஒரு சத்தம். ஊதவில்லை அவன், சாக்ஸபோனின் மூடிகளை வெறும் விரலால் அடைத்துத் திறக்கிறான், டொக்… டொக்… டொக்… நிறுத்துகிறான். நிறுத்தம் நீள்கிறது, நான் வைத்திருந்த இடத்தில் இல்லை, இன்னும் தள்ளி, கோணலாக, எந்தக் கணக்கிலும் சேராமல், அச்சு அசலாக ஒரு வாஷர் தேய்ந்த குழாய்… அப்புறம் டொக். வாளியின் விளிம்பு தொடையில் அழுந்தியது ஞாபகம் வந்தது. சோப்பு வாசனைகூட. திருட்டுப் பயல், புதுக் குழாய் மாட்டுவதற்கு முன்னால் பழையதை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டு வைத்திருக்கிறானா? திருப்பிக் கொடுக்கிறானா, இல்லை, பார், இதுவும் என்னிடம்தான் இருக்கிறது என்று காட்டுகிறானா? முகத்தைப் பார்த்தால் தெரியாது, அலை என்று மைக்கில் சொன்னபோதும் இதே முகம்தான். டொக்… டொக்… கையைத் தந்திமேல் வைத்துவிட்டேன், பழிவாங்குவதையும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியிருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் அடுத்த சொட்டு விழ வேண்டும், அது எப்போது விழும் என்று அவனுக்குத்தான் தெரியும், நான் அவன் விரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்…