சிவப்புச் சாக்பீஸ்

முதல் வரிசையில் இடம் பிடிக்கும் அவசரத்தில் அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் நின்ற ஆசிரியை வாய்பொத்திச் சிரித்த பிறகுதான் அது தலையில் இருப்பதே தெரிந்தது. இப்போது அந்த மஞ்சள் ஹெல்மெட் மடியில் இருந்தது. பக்கத்தில் கணவன். மேடைக்குப் பின்னால் மகள் மழைமேகமாக வேடம் கட்டிக் காத்திருந்தாள்.

மகளுக்கு வீட்டில் சில்வண்டு என்று பெயர். பொழுது விடிந்தால் வாய் ஓயாது. மேடை ஏறினால் மட்டும் அம்மா முகம் தெரிந்தாக வேண்டும். போன வருடம் நட்சத்திரமாக வந்து, கூட்டத்தில் அம்மாவைத் தேடித் தேடியே வசனத்தைக் கோட்டை விட்டது. அம்மா அந்த நேரம் ஒரு தூணுக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தாள். "அடுத்த தடவை கண்டிப்பா வர்றேன்" என்றாள். அதற்கு முந்தைய வருடமும் அதையேதான் சொல்லியிருந்தாள். இந்த முறை சில்வண்டு ஏமாறவில்லை, சத்தியம் வாங்கிவிட்டது.

"முதல் வரிசைல உக்காரணும். உன்னைப் பாத்துதான் பேசுவேன்."

அவள் கட்டுமானப் பொறியாளர். இரண்டு தெரு தள்ளி எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் அன்று மதியம் நான்காவது மாடிக்குக் கான்கிரீட். அதற்கு முன் கம்பிகளைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவள் அவள்தான். பார்த்து முடித்த இடத்தில், கான்கிரீட் வழியாமல் அடைக்கும் ஓரப் பலகையில் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு போடுவது அவள் பழக்கம். பால்கனிக்கு மட்டும் சிவப்புக் கோடு. பால்கனி கீழே தாங்க ஆளில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது. அதன் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். வேலையாட்கள் கால் பட்டு அது கீழே அமுங்கினால் கான்கிரீட் மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. ஒருநாள் யாராவது துணி காயப்போட வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

கைக்குட்டைக்காகக் கைப்பையைத் துழாவினாள். வினை அங்கேதான் இருந்தது. விரலில் சிவப்புச் சாக்பீஸ் தட்டுப்பட்டது. முழுசாக, முனைகூட மழுங்காமல்.

அப்படியென்றால் இன்று பால்கனியில் கோடே போடவில்லை. காலையில் பால்கனிப் பக்கம் நின்றது ஞாபகம் இருந்தது. சரியாக அப்போதுதான் கணவன் போன் செய்து, மேகத்துக்கு ஒட்டும் பஞ்சு எங்கே என்று கேட்டான். தோளில் போனை இடுக்கிக்கொண்டு, "பீரோ கீழ்த்தட்டு, இல்ல இல்ல, கட்டிலுக்கு அடியில" என்று சொன்னது ஞாபகம் இருந்தது. பஞ்சு, பசை, ஊக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கம்பியைப் பார்த்தோமா என்பது மட்டும் சுத்தமாக இல்லை. அப்படியே சரி சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள்!

அரங்கின் ஓரத்துக்குப் போய் மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

"பால்கனிக் கம்பி மேலதானே இருக்கு?"

"அதான் நீங்க பாத்துட்டீங்களே மேடம்."

அவளுக்குப் பாதி உயிர் அங்கேயே போனது. அவள் பார்த்துவிட்டாள் என்பதால் இனி வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

"படிக்கட்டுப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க. பால்கனி கடைசி. நான் சொல்லாம அங்க ஒரு சட்டி கலவைகூட விழக்கூடாது."

"சரி மேடம். ஆனா லாரிய ரொம்ப நேரம் நிறுத்த முடியாது. கலவை இறுகிடும்."

திரும்பி வந்து கணவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மேடையில் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்திருந்தார். குழந்தைகள்தான் நாளைய உலகம் என்றார். அந்த நாளைய உலகம் திரைக்குப் பின்னால் கால் வலிக்க நின்றுகொண்டிருந்தது. மனிதர் முடிப்பதாக இல்லை. "கடைசியாக ஒன்று" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அவள் கால் தன்பாட்டில் ஆடியது. சாக்பீஸைப் பிடித்த கையெல்லாம் சிவப்பு.

போன் அதிர்ந்தது. "மேடம், பால்கனிகிட்ட வந்துட்டோம்" என்றார் மேஸ்திரி.

கணவன் அவளைப் பார்த்தான். "போறதுன்னா போ. கூட சேத்து என் நாற்காலியையும் ஆட்டாத."

"அவ என்னைத் தேடுவாளே."

"தேடத்தான் செய்வா" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

யார் வீட்டுத் துணியோ கண்முன் ஆடியது. ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து ஓடினாள்.

மாடி ஏறும்போது மூச்சு வாங்கியது. "ஹெல்மெட் இல்லாம மேல வந்தா திட்டுவீங்களே!" என்று மேஸ்திரி தன்னுடையதைக் கழற்றி நீட்டினார். அதை மாட்டிக்கொண்டு பால்கனி ஓரத்தில் குனிந்தாள்.

கம்பிகள் மேலேதான் இருந்தன. பக்கத்துப் பலகையில் வரிசையாகச் சிவப்புக் கோடுகள். அவள் போட்டதுதான்; கடைசிக் கோட்டை எப்போதும்போல இடப்பக்கம் சாய்த்திருந்தாள். மூலையில் தேய்ந்துபோன ஒரு சிவப்புச் சாக்பீஸ் துண்டு கிடந்தது. தலை பஞ்சைத் தேடிக்கொண்டிருந்தபோது கை தன் வேலையை முடித்திருக்கிறது. 'பலகையில் கோடு இருக்கா' என்று போனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் அழுகை முட்டியது.

"போடலாமா மேடம்?"

"போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினாள்.

நாடகம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சில்வண்டு பாதிப் பஞ்சு உதிர்ந்த மேகமாக வாசலில் நின்றது. கையில் மஞ்சள் ஹெல்மெட்.

"வசனம் சொன்னியா கண்ணு?"

"சொன்னேன். இதப் பாத்து சொன்னேன்" என்று ஹெல்மெட்டைக் காட்டியது. "பால்கனில என்னமோ தப்பாமே, அப்பா சொன்னாரு."

"இல்லடா. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப ஏன் போன?"

அவள் மேகத்தில் தொங்கிய பஞ்சை ஒட்டவைக்கப் பார்த்தாள். சில்வண்டால் கோபத்தையும் ரொம்ப நேரம் வைத்துக்கொள்ள முடியாது. "உன் பையப் பாத்தியா? சிவப்பு சீக்கிரம் தேய்ஞ்சு போயிடுதுன்னு நேத்து அப்பாகிட்ட சொன்னியே. டீச்சர்கிட்ட கேட்டு வாங்கி, காலைல உனக்குத் தெரியாம போட்டேன்" என்றது.

அவள் சிவந்த உள்ளங்கையை மூடிக்கொண்டாள். தன்னை ஓடவைத்தது அந்தப் புதுச் சாக்பீஸ்தான் என்று குழந்தையிடம் எப்படிச் சொல்வது? மண்டியிட்டு மேகத்தைக் கட்டிக்கொண்டாள். பஞ்சு மூக்கில் ஏறியது.

"அந்த வசனத்த எனக்கு ஒருதடவை சொல்லேன். அம்மா கேக்கலையே."

சில்வண்டு யோசித்தது. ஹெல்மெட்டைத் தூக்கி அம்மா தலையில் வைத்தது.

"அடுத்த தடவை" என்றது.